தொப்பிதான் முதலில்! கௌபாய் ஒப்பனை அறைக்குள் ஓர் எட்டிப்பார்வை

1900-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஜான் ஸ்வார்ட்ஸ் என்பவரின் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். மூன்று பேர் நாற்காலியில் உட்கார, இரண்டு பேர் பின்னால் நிற்கிறார்கள். மடிப்புக் கலையாத கோட்டு, உள்ளே வெயிஸ்ட்கோட்டு, தொங்கும் கடிகாரச் சங்கிலி, தலையில் உருண்டையான பௌலர் தொப்பி. வங்கி டைரக்டர்கள் கூட்டம் முடிந்து வந்தவர்கள் என்றே நினைக்கத் தோன்றும். வங்கியோடு சம்பந்தம் இருந்தது உண்மைதான். கொள்ளையடிக்கிற சம்பந்தம்! உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் சாட்சாத் புட்ச் காசிடி, இன்னொருவர் சன்டான்ஸ் கிட். படம் நன்றாக வந்திருக்கிறதே என்று ஸ்வார்ட்ஸ் அதைக் கடைக் கண்ணாடியில் மாட்டிவைக்க, அந்தப் பக்கம் போன துப்பறிவாளர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பார்கள். பிறகு அதே படம்தான் தேடப்படுவோர் நோட்டீஸில் அச்சாகி அமெரிக்கா முழுக்கச் சுற்றியது.

நம் கேள்வி அதுவல்ல. அகலத் தொப்பி எங்கே? முழங்கால் உயர பூட்ஸ் எங்கே? குதிகாலில் ஒரு குதிமுள்ளாவது உண்டா? அமெரிக்க மேற்கின் மகா முரடர்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட கௌபாய் வேஷத்தில் இல்லை!

அப்படியானால் அசல் கௌபாய் என்னதான் உடுத்தினார்? அந்த உடையை யார் தைத்தார்கள்? நாம் படத்தில் பார்த்து விசிலடித்த உடை எந்த ஒப்பனை அறையில் பிறந்தது? திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிடலாம். வாங்க, சத்தம் போடாமல் உள்ளே வாங்க!

எந்த ஊர், எந்த வருஷம்?

சரித்திரப் படத்துக்கு உடை அமைக்கிறவர் நடிகரின் இடுப்பளவை எடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்பார். கௌபாய் என்றதும் நம் மனத்தில் ஏதோ ஒரு முடிவில்லாத காலம் ஓடுகிறது. உண்மையில் டெக்சஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்ற பொற்காலம் சுமார் 20 ஆண்டுகள்தான். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. 1867-இல் கான்சஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில் ரயிலேற்றும் மாட்டுச் சந்தை தொடங்கியது. அப்புறம் முள்கம்பி வேலி வந்தது, ரயில் பாதைகள் நீண்டன. 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. கதை முடிந்தது.

வேலை பார்த்தவர்கள் யார்? பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயசுப் பையன்கள். மாதச் சம்பளம் 30, 40 டாலர். நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. இவர்கள் எல்லோருக்கும் வாத்தியார், வக்கேரோ என்ற மெக்சிகோ நாட்டு மாடு மேய்ப்பவர். அகலத் தொப்பி, தோல் கால்கவசம், பெரிய குதிமுள், சுருக்குக் கயிறு எல்லாமே அவரிடம் கற்றுக்கொண்டவை.

ஆகவே 'கௌபாய் உடை' என்று ஒரே உடுப்பு கிடையாது. டெக்சஸ்காரர் ஒரு தினுசு. நெவாடா, ஓரிகன் பக்கத்து பக்கரூ என்பவர் வேறு தினுசு: தட்டையான விளிம்புத் தொப்பி, கழுத்தில் பெரிய பட்டுத் துணி, உயரமான பூட்ஸுக்குள் செருகிய பேண்ட். மொன்டானாக்காரரோ குளிருக்காக ரோமம் அடர்ந்த அங்கோரா ஆட்டுத்தோலைக் காலில் கட்டியிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆளுக்கு இரண்டு ஆட்டுக்குட்டிகள் காலைக் கவ்விக்கொண்டு வருவது போலிருக்கும்!

முதலில் தலை

கௌபாய் காலையில் கண் விழித்ததும் முதலில் மாட்டுவது தொப்பி. பேண்ட்டுக்கும் முன்னால்! ராத்திரி கடைசியாகக் கழற்றுவதும் அதுதான். அதனால் நாமும் தலையிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஜான் பி. ஸ்டெட்சன் நியூ ஜெர்சியைச் சேர்ந்த தொப்பிக்காரரின் மகன். உடம்பு சரியில்லாமல் மேற்கே போய், கொலராடோவில் தங்கம் தேடும் கூட்டத்தோடு கொஞ்ச நாள் அலைந்தவர். வெயிலும் மழையும் தூசியும் என்னவென்று அங்கே தெரிந்துகொண்டார். 1865-இல் ஃபிலடெல்ஃபியாவில் கடை போட்டு, 'பாஸ் ஆஃப் த பிளெய்ன்ஸ்' என்ற மாடலைக் கொண்டுவந்தார். நேரான அகல விளிம்பு, உருண்டையான உச்சி, அவ்வளவுதான். ஒரு மடிப்புகூட இல்லை! நாம் 'கௌபாய் மடிப்பு' என்று நினைக்கிற அந்த மூன்று பள்ளங்களும் பின்னால் வந்தவை. ஈரத்தில், மழையில், விரலால் பிடித்துப் பிடித்து அவரவர் அமுக்கியவை, ஊருக்கு ஊர் ஒரு பாணியாகிப் போயின. 1870-களின் காட்சிக்கு மூன்று பள்ளத் தொப்பியோடு நடிகர் வந்து நின்றால், விஷயம் தெரிந்த உடைக்காரருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

தொப்பிப் பட்டறைக்குள் ஒரு நிமிஷம் நுழைந்து பாருங்கள், ஆவி பறக்கும். உயர்ந்த தொப்பிக்கு பீவர் என்ற விலங்கின் ரோமம், அடுத்தது முயல் ரோமம். நெசவு கிடையாது, தையல் கிடையாது. ரோமத்தைக் கொதிநீரிலும் அழுத்தத்திலும் சுருங்கவைத்துச் சுருங்கவைத்தே கெட்டியான ஃபெல்ட் ஆக்கிவிடுகிறார்கள். பிறகு மரக்கட்டை அச்சில் இழுத்து மாட்டி, உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பை இஸ்திரி போட்டு, உள்ளே வியர்வைக்கென ஒரு தோல் பட்டை தைக்கிறார்கள். கையால் செய்யும் சில கடைகளில் இன்னமும் 'கன்ஃபார்மேட்டர்' என்ற 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கருவி இருக்கிறது. கிரீடம் மாதிரி தலையில் வைத்ததும் அதன் பட்டைகள் மண்டையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். மேல்மூடியை அழுத்தினால் காகிதத்தில் ஊசித்துளைகளாக உங்கள் தலையின் வடிவம் பதிந்துவிடும். யாருடைய தலையும் உருண்டை இல்லை என்ற ரகசியம் அந்தக் காகிதத்தில் அம்பலமாகும்!

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு கொடுமையும் உண்டு. ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்ள அந்தக் காலத்தில் பாதரச உப்பைப் பூசினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, புத்தி பேதலித்தது. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி என்ற தொப்பி ஊரில் இந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது 1941-இல்தான்.

ஒப்பனை அறையில் தொப்பிச் சம்பிரதாயங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மேஜையில் வைத்தால் உச்சி கீழே, விளிம்பு மேலே. இல்லாவிட்டால் விளிம்பு தட்டையாகிவிடும். கட்டில்மேல் வைக்கவே கூடாது, அபசகுனம்! அடுத்தவர் தொப்பியைத் தொட்டீர்களோ, சண்டைதான்.

சட்டையில் பை இல்லை, அதனால்…

அசல் சட்டை சப்பென்று இருக்கும். காலர் இல்லாத பருத்தி அல்லது கம்பளிச் சட்டை, மார்பு வரைக்கும்தான் பட்டன், தலைவழியாக மாட்ட வேண்டும். இதன்மேல் வருகிற வெயிஸ்ட்கோட்டுதான் நிஜமான கதாநாயகன். ஏன்? சேணத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேண்ட் பைக்குள் கையை விட்டுப் பாருங்கள், முடியாது! கோட்டுப் போட்டால் கையை வீசிக் கயிறு எறிய முடியாது. கையில்லாத வெயிஸ்ட்கோட்டின் பைகளில் புகையிலை, தீப்பெட்டி, கடிகாரம், மாட்டுக் கணக்கு எழுதும் குட்டி நோட்டு, துண்டுப் பென்சில் எல்லாம் அடங்கும். பட்டனைப் போடாமல் திறந்தே விட்டிருப்பார்கள்.

கழுத்துத் துணிக்கு உத்தியோகம் அதிகம். மந்தையின் வாலில் வருகிறவன் ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே வர வேண்டும். மூக்கை மூடும் திரை, வியர்வை துடைக்கும் துண்டு, காயத்துக்குக் கட்டு, சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணி, எல்லாம் அதே சதுரத் துணி. அந்தச் சிவப்புப் புள்ளிக் கைக்குட்டையின் முன்னோர் யார் தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிக் கொண்டுபோன இந்தியக் கைக்குட்டைகள்! அதைப் பார்த்துத்தான் ஐரோப்பியர்களும் பிறகு அமெரிக்கர்களும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். வசதி உள்ளவர்கள் பட்டிலேயே கட்டினார்கள். குளிரில் கதகதப்பு, வெயிலில் உறுத்தாது.

இப்போது கடைகளில் தொங்குகிற, முத்துப்போல மின்னும் பிரஸ் பட்டன் சட்டை? அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. டென்வர் நகரில் ஜாக் ஏ. வைல் என்பவர் 1946-இல் ராக்மவுண்ட் கம்பெனியைத் தொடங்கி அதைப் பிரபலமாக்கினார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. மாட்டுக் கொம்பிலோ வேலியிலோ சட்டை மாட்டினால் சாதாரண பட்டன் ஆளையும் சேர்த்து இழுக்கும், பிரஸ் பட்டன் 'பட்'டென்று விட்டுவிடும். வைல் தாத்தா 107 வயதில், 2008-இல் காலமாகும் வரை கம்பெனித் தலைவராகவே இருந்தார். என்ன ஒரு ஆள்!

குதிரைக்கு அடித்த ஆணி, மனிதன் பேண்ட்டில்

இப்போது எல்லோரும் காத்திருக்கும் ஜீன்ஸ். ஏமாற்றத்துக்குத் தயாராகுங்கள். 1870-களின் கௌபாய் பெரும்பாலும் உடுத்தியது கம்பளிப் பேண்ட். தொடையும் பின்பக்கமும் சேணத்தில் உரசித் தேயாமல் மான்தோல் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்வார். ஜீன்ஸ் அப்போது சுரங்கத் தொழிலாளியின் உடுப்பு.

அது பிறந்த இடம் நெவாடாவின் ரீனோ நகரில் ஒரு தையல்கடை. தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், ரீகா நகரிலிருந்து வந்தவர். விறகுவெட்டி ஒருவரின் மனைவி வந்து, என் வீட்டுக்காரருக்குக் கிழியாத பேண்ட் ஒன்று வேண்டும் என்று கேட்டார். டேவிஸ் குதிரைப் போர்வைகளில் வார் பொருத்தச் செப்பு ரிவெட் அடித்துப் பழகியவர். அதே ரிவெட்டை எடுத்துப் பேண்ட் பையின் மூலைகளில் அடித்தார். தீர்ந்தது பிரச்சினை! காப்புரிமைக்குப் பணம் போதாமல், தனக்குத் துணி விற்ற சான் ஃபிரான்சிஸ்கோ வியாபாரிக்குக் கடிதம் போட்டார். அந்த வியாபாரி பெயர் லெவி ஸ்ட்ராஸ். 1873 மே 20-இல் இருவருக்கும் சேர்த்துக் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காலத்துப் பேண்ட்டை ஒப்பனை அறையில் மாட்டிப் பாருங்கள். பெல்ட் நுழைக்கும் வளையமே இருக்காது. தோளில் மாட்டும் வாருக்கான பட்டன்கள்தான். லெவி ஸ்ட்ராஸ் கம்பெனி பெல்ட் வளையம் வைத்தது 1922-இல். பின்பை ரிவெட்டுகள் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகின்றன என்று புகார்கள் வந்ததால் 1937-இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். தொடைகள் சேரும் இடத்திலும் ஒரு ரிவெட் இருந்தது. குளிருக்கு நெருப்பின் அருகே குந்தி உட்கார்ந்தால் அது காய்ந்து… மிச்சத்தை நீங்களே ஊகியுங்கள்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்த ரிவெட்டுக்கு விடைகொடுத்தார்கள். செம்பு மிச்சம் பிடிக்கிறோம் என்பது பேருக்குச் சொன்ன காரணமா என்று கேட்காதீர்கள்.

ரோடியோ என்ற கௌபாய் சாகசப் போட்டியின் வீரர்கள் இன்று விரும்பி அணியும் ராங்லர் ஜீன்ஸ் 1947-இல் வந்தது. வடிவமைத்தவர் ரோடியோ பென் என்ற ஃபிலடெல்ஃபியா தையல்காரர், போலந்திலிருந்து குடியேறியவர். பட்டனுக்குப் பதில் ஜிப், சேணத்தைக் கீறாத தட்டை ரிவெட், உட்காரும்போது பர்ஸ் அழுந்தாதபடி மேலே தூக்கிய பின்பை. 13 தடவை மாற்றி மாற்றித் தைத்து, ரோடியோ சாம்பியன்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லி முடிவுசெய்தார்கள். மாடலின் பெயரிலேயே 13 இருக்கிறது.

கால் போன கதை

பூட்ஸ் விஷயத்தில் கௌபாய் கஞ்சத்தனம் பார்க்கவே மாட்டார். அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி அளவு கொடுத்துத் தைப்பார். காரணம் வெறும் பகட்டு இல்லை, உயிர் பயம். குதிரையிலிருந்து விழும்போது பாதம் அங்கவடிக்குள் சிக்கிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். அதனால்தான் உயரமான, உள்நோக்கிச் சரிந்த குதிகால். பாதம் அங்கவடியைத் தாண்டி உள்ளே நழுவாது. அதனால்தான் வழவழப்பான அடிப்பாகம், எளிதில் உருவிக்கொள்ள. அதனால்தான் கயிறு கட்டாத, தளர்ந்த மேல்குழல். பாதம் சிக்கினாலும் பூட்ஸ் அங்கேயே தங்கிவிடும், ஆள் தப்பித்துவிடுவார். மேலே வளைந்து வளைந்து ஓடும் அந்தப் பூத்தையலுக்கும் வேலை உண்டு. தோல் தொளதொளத்து மடியாமல் நிமிர்ந்து நிற்கச் செய்வது அதுதான்.

1879-இல் டெக்சஸின் ஸ்பானிஷ் ஃபோர்ட்டில் எச்.ஜே. ஜஸ்டின், 1883-இல் சான் அன்டோனியோவில் லுக்கேசி குடும்பம் என்று பெரிய பெயர்கள் எல்லாம் மாட்டு மந்தைகளின் வழித்தடத்திலேயே முளைத்தவை. நல்ல பூட்ஸ் பட்டறையில் குனிந்து பார்த்தால் அடிப்பாகத்தின் நடுவில் இரும்பு ஆணி இருக்காது. எலுமிச்சை மரம் என்ற பெயரில் விற்கும் கெட்டி மரத்தின் குச்சிகளை வரிசையாக அடித்திருப்பார்கள். ஈரம் பட்டால் தோல் விரியும்போது மரமும் விரியும், காயும்போது அதுவும் சேர்ந்து சுருங்கும். இரும்பு துருப்பிடித்து ஓட்டை போட்டுவிடுமே! அப்புறம், ஊசி மாதிரிக் கூர்மையான மூக்கு? அது 1940, 50-களின் நாகரிகம். பழைய பூட்ஸுக்கு மூக்கு சற்று உருண்டையாகவோ சதுரமாகவோ இருக்கும்.

குதிமுள்ளுக்கு வருவோம். அதன் பல் சக்கரத்தை மழுக்கிவிட்டுத்தான் போடுவார்கள், குதிரையைக் குத்திக் கிழிப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் நடக்கும்போது கேட்கிற அந்த 'ஜிலுங் ஜிலுங்'? அது வேலைக்கல்ல, முழுக்க முழுக்க ஸ்டைல்! சத்தம் வரட்டும் என்றே 'ஜிங்கிள்பாப்' என்ற குட்டி உலோகத் துளிகளைத் தொங்கவிட்டார்கள். 140 வருஷத்துக்கு முந்தைய வாலிபனும் வாலிபன்தானே!

அவர்களின் ஆசையைத் தெரிந்துகொள்ள டெடி ப்ளூ அபட் என்ற நிஜ கௌபாயின் நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. மந்தை ஓட்டிச் சம்பாதித்ததும் பத்து டாலருக்கு வெள்ளை ஸ்டெட்சன், பன்னிரண்டு டாலருக்குப் பேண்ட், பிறையும் நட்சத்திரமும் போட்ட சிவப்பு நீல பூட்ஸ் எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோவும் எடுத்து, பெருமையாக வீட்டுக்குப் போகிறார். அக்கா தங்கைகளில் ஒருத்தி பார்த்த மாத்திரத்தில், பேண்ட்டை பூட்ஸிலிருந்து வெளியே எடுத்துவிடு, கோட்டைப் போடு, கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறாய் என்று திட்டித் தீர்த்துவிட்டாளாம். கொள்ளைக்காரர்களோ பௌலர் தொப்பியில் ஜம்மென்று அமர்ந்திருக்கிறார்கள்!

அழுக்கு டிபார்ட்மென்ட்

இனி சினிமாவின் பின்வாசல். படத்தில் பணம் கொட்டித் தைத்த புத்தம்புது உடை நேராக கேமரா முன்னால் போகாது. 'ஏஜிங்' என்ற பிரிவுக்குப் போகும். அங்கே நடப்பதைப் பார்த்தால் தையல்காரர்கள் மயக்கம் போட்டு விழுவார்கள்! முழங்காலையும் முழங்கையையும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். சீஸ் துருவியால் காலரைத் துருவுவார்கள். கம்பி பிரஷ் போடுவார்கள். டீத் தண்ணீரில் முக்கி வெள்ளையை மங்கலாக்குவார்கள். பைகளில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டு, பல வருஷம் கைவிட்ட தொய்வைக் கொண்டுவருவார்கள். கடைசியில் உடம்பு முழுக்க ஒரு மண்பொடி. அது எது தெரியுமா? நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் போடும் முல்தானி மிட்டி வகை மண்ணேதான்! முகப்பொலிவுக்கு நாம் பூசுவதை ஹாலிவுட் முரடனை அழுக்காக்கத் தூவுகிறது.

அதுவும் ஒரே உடையை ஐந்தாறு பிரதிகள் தைத்து, எல்லாவற்றிலும் அழுக்கு அதே இடத்தில் அதே அளவில் இருக்கும்படி செய்ய வேண்டும். ஒன்று நாயகனுக்கு, ஒன்று சண்டைக் கலைஞருக்கு, ஒன்று குண்டு பட்டுக் கிழிவதற்கு. 1964-இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தபோது அந்த வசதியெல்லாம் ஏது? சின்ன பட்ஜெட் படம். கிளின்ட் ஈஸ்ட்வுட் லாஸ் ஏஞ்சலஸ் கடைகளில் தானே கறுப்பு ஜீன்ஸும் தொப்பியும் சுருட்டும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஷூட்டிங்குக்குப் போனார். அதில் வேடிக்கை, மனிதருக்குப் புகைப்பழக்கமே கிடையாது!

உண்மையாக உடுத்தவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1993-இல் வந்த 'டூம்ஸ்டோன்' சாட்சி. அரிசோனா வெயிலில் நடிகர்கள் அந்தக் காலத்துக் கனத்த கம்பளி உடைகளில் வெந்துபோனார்கள். 'டெட்வுட்' தொடருக்காக 2005-இல் எம்மி விருது வாங்கிய ஜேனி பிரையன்ட், பிறகு '1883' தொடருக்கும் உடை அமைத்தார். அந்த இரண்டையும் பார்க்கும்போது கதையைக் கொஞ்சம் மறந்து, பேண்ட்டின் முட்டியையும் தொப்பியின் வியர்வைக் கறையையும் மட்டும் கவனித்துப் பாருங்கள். அதுவே தனிப் படம்!

குப்பைக் கூடையில் போட வேண்டியவை

1880-ஐக் காட்ட வேண்டுமென்றால் இவை வெளியே போகட்டும். தொடையில் தாழத் தொங்கி, வாரால் கட்டிய துப்பாக்கி உறை: ஹாலிவுட் சரக்கு. அசல் உறை இடுப்போடு ஒட்டி உயரத்தில் இருக்கும். அதுவும் டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களுக்குள் நுழைந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று சட்டமே இருந்தது. தட்டளவு பெல்ட் பக்கிள்: ரோடியோ பரிசாகவும் சினிமாப் பகட்டாகவும் பின்னால் வந்தது. கழுத்தில் பின்னல் கயிறும் கல் பதித்த வில்லையுமாக போலோ டை: 20-ஆம் நூற்றாண்டு அரிசோனாவின் பெருமை.

இந்தக் குழப்பத்தை வைத்தே சிரிக்கவைத்த படம் 1990-இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' மூன்றாம் பாகம். 1955-இலிருந்து 1885-க்குப் போகும் பையனுக்கு, கௌபாய் உடுப்பு என்று குஞ்சம் தொங்கும் ரோஸ் நிறச் சட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே மதுக்கடையில் இருக்கும் அசல் அழுக்கு மனிதர்கள் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஆனால் அந்தப் பளபளப்பையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கும் ஓர் ஒப்பனை அறை உண்டு. கீவ் நகரில் பிறந்து அமெரிக்கா போன நூடி கோன், நார்த் ஹாலிவுட்டில் கடை வைத்துக் கல்லும் ஜிகினாவும் பதித்த கௌபாய் சூட்டுகளாகத் தைத்துத் தள்ளினார். 1957-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி போட்ட தங்க நிற சூட் அவர் கடைச் சரக்கு, விலை 10,000 டாலர். அவரிடம் வேலை பார்த்த மெக்சிகோக்காரர் மானுவல் குவேவாஸ் பிறகு தனியே கொடிகட்டிப் பறந்தார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். லெவி ஸ்ட்ராஸ் பவேரியாவில் பிறந்தவர், டேவிஸ் ரீகா, பென் போலந்து, நூடி கீவ். மாடு மேய்க்காத, கப்பலேறி வந்த தையல்காரர்களும் ஒரு துணி வியாபாரியும் கூடி அமெரிக்காவின் ஆகப்பெரிய அடையாளத்தைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்!

நம்ம ஊர்க் கௌபாய்கள்

நமக்கும் இதில் பங்கு உண்டு. கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்', 'கங்கா' படங்களில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்தபோது டெக்சஸ் எல்லாம் நம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. அந்த நினைவுக்கு வணக்கம் வைத்துத்தான் 2010-இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தார். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் ரேஞ்சர் டெக்ஸ் வில்லரின் மஞ்சள் சட்டை நமக்கு அத்துப்படி. 1948-இல் இத்தாலியில் பிறந்த அந்த ரேஞ்சரின் சட்டை, எத்தனை சண்டையானாலும் அந்தப் புழுதியிலும் அதே மஞ்சள். சலவைக்காரர் யாரோ, அவருக்கு ஒரு சலாம்!

நீங்கள் உடுத்தினால்…

நாடகத்துக்கோ, மாறுவேடப் போட்டிக்கோ, சும்மா ஆசைக்கோ கௌபாய் உடை போடப் போகிறீர்களா? முதலில் ஓர் ஊரையும் ஒரு வருஷத்தையும் முடிவு செய்யுங்கள். 1880-இன் டெக்சஸ் என்றால் காலர் இல்லாத பழைய சட்டை, பட்டன் போடாத வெயிஸ்ட்கோட்டு, தோள் வார் மாட்டிய முரட்டுப் பேண்ட், மடிப்பில்லாத தொப்பி, ஒரு சதுரக் கைக்குட்டை போதும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலேயே பாதி கிடைத்துவிடும். 1950-இன் ரோடியோ என்றால் ஜிப் ஜீன்ஸ், பிரஸ் பட்டன் சட்டை, கூர்மூக்கு பூட்ஸ், பெரிய பக்கிள் எல்லாம் தாராளமாகப் போடலாம். இரண்டையும் மட்டும் கலக்காதீர்கள். பணம் செலவழிப்பதானால் பூட்ஸுக்குச் செலவழியுங்கள், மற்றதை உப்புத்தாளும் டீத் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும்.

பந்தா மட்டும் பண்ணுகிறவனை டெக்சஸில் 'தொப்பி இருக்கு, மாடு இல்லை' என்று கிண்டல் செய்வார்கள். நமக்கு மாடு வேண்டாம். ஆள் பாதி ஆடை பாதி என்பது நம் ஊர்ச் சொல். கௌபாய் விஷயத்தில் அந்த ஆடையிலும் பாதி, அது பார்த்த வேலை. போட்டிருக்கும் ஒவ்வொரு பட்டனும் ரிவெட்டும் எதற்கு என்று சொல்லத் தெரிந்தால், நீங்கள் உடுத்தியிருப்பது வேஷம் அல்ல, அசல்!